டீயும் சர்க்கரையும், டீயும் காபியும்

மத நல்லிணக்கம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எங்கள் பள்ளி ஆண்டு விழாதான் ஞாபகத்துக்கு வரும். மூன்று பையன்கள் மேடையில் கைகோத்து நிற்பார்கள். ஒருத்தன் நெற்றியில் பட்டை, ஒருத்தன் தலையில் தொப்பி, ஒருத்தன் கழுத்தில் சிலுவை. பின்னால் தேசியக் கொடி. ஆறாம் வகுப்பில் அந்தத் தொப்பி போட்ட பையன் நான்தான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. எங்கள் கடை நாகூரில் இருக்கிறது, அதனால் தொப்பி எனக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று டீச்சர் நினைத்தார். கிடைத்தது. எதிர்க்கடை பாய் ஒன்று கொடுத்தார், காசு வாங்கவில்லை. நிஜமான முஸ்லிம் பையன்கள் வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவனுக்குத்தான் பட்டை போட்டுவிட்டார்கள். (அவன் வாப்பா முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.)

சரி, நான் எழுத வந்தது அந்த மேடையைப் பற்றி இல்லை. போன வருடம் என் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஊரைச் சுற்றி வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

எங்களுக்கு வீடு நாகப்பட்டினத்தில், மளிகைக் கடை நாகூரில். பஸ்ஸில் கால் மணி நேரம். சாகுல் ஹமீது ஆண்டவர் அடக்கமாகியிருக்கும் நாகூர் தர்காவுக்கு ஐந்து மினாராக்கள். அதில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங், 18-ம் நூற்றாண்டில். இதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வியாழக்கிழமை இரவு வந்து பாருங்கள், கூட்டத்தில் யார் என்ன மதம் என்று பிரிக்கவே முடியாது. மொட்டை போடுகிறார்கள். வெள்ளித் தகட்டில் கை, கால், வீடு, கப்பல் என்று செய்து விற்பதை வாங்கிப் போய்க் காணிக்கை போடுகிறார்கள். கந்தூரி நடக்கும் 14 நாளும் எங்கள் கடையில் உட்காரக்கூட நேரம் இருக்காது. வருஷத்து லாபத்தில் பெரிய பங்கு அந்த இரண்டு வாரத்தில்தான் வருகிறது.

தாத்தா இந்தக் கடையை 1968-ல் ஆரம்பித்தார். அவருடைய பழைய கடன் நோட்டுகள் பரணில் இருக்கின்றன. அட்டை போன, கறையான் கொஞ்சம் ருசி பார்த்த நோட்டுகள். பி.காம். சேர்ந்த புதிதில், அக்கவுண்ட்ஸ் படிக்கிறோமே என்ற திமிரில், ஒரு நாள் அவற்றை இறக்கிப் பார்த்தேன். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்றெல்லாம் கிடையாது. வீட்டுப் பெயர், அரிசி இத்தனை படி, பருப்பு இத்தனை, எண்ணெய் இத்தனை. நடுநடுவே ஒரே ஒரு வரி: "சிங்கப்பூர் பணம் வந்தது, நேர் ஆச்சு."

அப்போதெல்லாம் நாகப்பட்டினத்திலிருந்தே சிங்கப்பூருக்குக் கப்பல் உண்டு. ரஜூலா, அதற்கப்புறம் எம்.வி. சிதம்பரம். நாகூரில் பல வீடுகளில் ஆண்கள் எல்லாம் கடல் தாண்டி இருப்பார்கள். பணம் வர மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே? தாத்தா கடனுக்குக் கொடுப்பார். வட்டி கிடையாது. ஆனால் அந்த வீடு வேறு கடைக்குப் போகாது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் எங்கள் கடையில்தான். ஆள் ஊருக்கு வந்தால் முதலில் கடைக்கு வந்து கணக்கை முடித்துவிட்டு, கையில் ஒரு கோடாலித் தைலமும் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அந்தத் தைலம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்ததாக அப்பா சொல்வார்.

1985-ல் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்று போனது. அதற்கு மறு வருடம்தான் அத்தை கல்யாணம். பணம் பத்தவில்லை. நோட்டில் இருந்த ஒரு மரைக்கார் வீட்டிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு துணிப்பையில் பணம் வந்ததாம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. தாத்தா அதை இரண்டு வருடத்தில் அடைத்தார். "அப்ப நாங்க யாரும் நல்லிணக்கம்னு ஒரு வார்த்தையே கேள்விப்பட்டதில்ல" என்பார்.

இதையெல்லாம் நான் ஒரு அழகான ஊர்ப் பெருமையாகத்தான் வைத்திருந்தேன், பிசினஸ் எக்கனாமிக்ஸ் பேப்பர் வரும்வரை. முதல் யூனிட்டிலேயே வரும், ஞாபகம் இருக்கிறதா? பொருட்கள் இரண்டு வகையாக ஒன்றோடொன்று உறவு வைத்திருக்கும். டீயும் சர்க்கரையும் போல. ஒன்று விற்றால் இன்னொன்றும் விற்கும், அது நிரப்புப் பொருள். அல்லது டீயும் காபியும் போல. ஒன்று விற்றால் இன்னொன்று படுக்கும், அது பதிலீட்டுப் பொருள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம்.

அதே கேள்வியை மனிதர்களைப் பற்றிக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் பொருளாதார அறிஞர் சௌமித்ர ஜா. 2013-ல் வெளியான அவருடைய ஆய்வு தெற்காசிய நகரங்களை எடுத்துக்கொள்கிறது. இடைக்காலத்தில் கடல் வணிகத் துறைமுகமாக இருந்த ஊர்களையும் மற்ற ஊர்களையும் ஒப்பிடுகிறார். துறைமுக ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் அதிகமாகக் கலந்து வாழ்கிறார்கள். கலந்து வாழ்ந்தால் உரசல் அதிகம் என்றுதானே நினைப்போம்? ஆனால் 1850-லிருந்து 1950 வரை அந்த ஊர்களில் கலவரம் நடக்கும் வாய்ப்பு மற்ற ஊர்களைவிட ஐந்து மடங்கு குறைவாக இருந்திருக்கிறது. 1950-லிருந்து 1995 வரை பார்த்தாலும் பாதிதான். இத்தனைக்கும் ஐரோப்பியர்கள் வந்து அந்தப் பழைய கடல் வணிகத்தைக் கெடுத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

ஏன் இப்படி என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்தில் அரபிக் கடல் தாண்டிய வியாபாரத்தில் முஸ்லிம் வணிகர்களுக்கு ஒரு தனி வசதி இருந்தது. ஹஜ் சமயத்தில் மெக்காவில் உலகமே கூடும். அங்கே சரக்கும் கைமாறும், தகவலும் கைமாறும், யாரை நம்பலாம் என்ற செய்தியும் கைமாறும். அங்கே இந்து வணிகர் போக முடியாது. ஆனால் இங்கே உள்நாட்டில் மிளகும் துணியும் பணமும் இந்து வணிகர் கையில். ஆக ஒருவர் டீ, இன்னொருவர் சர்க்கரை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வட்டிக்கடைக்காரரை அடித்துவிட்டு அவர் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். நிலக்காரரைத் துரத்திவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு ஏடனிலும் ஹோர்முஸிலும் இருக்கும் தொடர்பை, அவரைக் கொன்றுவிட்டு எடுத்துக்கொள்ள முடியுமா? அவர் போனால் அதுவும் அவரோடு போய்விடும். அதனால் அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே லாபம். ரொம்ப வறட்டுக் கணக்காகத் தெரிகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் உயிரோடு இருப்பதில் எனக்கு லாபம் என்பது, அவர் மேல் எனக்கு அன்பு என்பதைவிடக் கொஞ்சம் உறுதியான பத்திரம் என்றே தோன்றியது. மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்து பாண்டிய நாட்டில் இறங்கும் அரேபியக் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னருக்கு அமைச்சராக தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் இருந்ததை பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார். குதிரை வேண்டியவருக்கு குதிரை கொண்டுவரத் தெரிந்தவர் அமைச்சர். மத சகிப்புத்தன்மை விருதெல்லாம் யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் சந்தோஷமாக இதோடு நிறுத்த முடியவில்லை. காரணம், எங்கள் நாகப்பட்டினமேதான்.

ராஜராஜ சோழன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜயத்து அரசர் இங்கே ஒரு பௌத்த விகாரம் கட்டினார். சூடாமணி விகாரம். சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் வணிகர்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் கும்பிட ஓர் இடம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே சைவ மன்னர், அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருமானத்தை எழுதி வைத்தார். மகன் ராஜேந்திரன் அதை உறுதி செய்து செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர். அருமை. அப்புறம் 1025-ல் அதே ராஜேந்திரன் கடற்படையை அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தை அடித்தார். கணக்கு வேறு பக்கம் திரும்பினால் அவ்வளவுதான்!

விகாரம் என்ன ஆனது? சண்டையில் இடிபடவில்லை. பல நூற்றாண்டு நின்றது. கப்பல்கள் வருவது மாறியது, பௌத்த வணிகர்கள் வருவது நின்றது. கடைசியில் ஒரு செங்கல் கோபுரம் மட்டும் கடலோரம் மிச்சமிருந்தது. 1867-ல் அதையும் இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான வெண்கலப் புத்தர் சிலைகள் கிடைத்தன. நான் பள்ளியில் படிக்கும்போது நாகப்பட்டினத்துப் பையனான எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. "ஐயோ, எங்கள் கோபுரம்" என்று சொல்ல அப்போது ஊரில் ஒருவரும் இல்லை. சர்க்கரை தேவைப்படாத காலம் வந்தால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுவோம், அப்படித்தான்.

டீயும் காபியுமாக ஆகிவிட்டால் இன்னும் மோசம். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் கலவரம் வெடித்தபோது முஸ்லிம்களின் கடைகள் குறிபார்த்து எரிக்கப்பட்டன. 18 பேர் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர். அதற்கு அரசியல் காரணம், அமைப்புகள், போலீஸ் என்று நிறைய இருக்கிறது. ஒரு பாடப்புத்தக வரியை வைத்து அதையெல்லாம் விளக்கிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரே துணியை விற்பவர்களுக்கு, பக்கத்துக் கடை எரிந்தால் தனக்கு நஷ்டமில்லை. அது மட்டும் எனக்குப் புரிகிறது.

அப்படியானால் தானாக எதுவும் நடக்காது, யாராவது உட்கார்ந்து கட்ட வேண்டும். அதைத்தான் அசுதோஷ் வார்ஷ்னே 2002-ல் வெளியான புத்தகத்தில் சொல்கிறார். அமைதியான கோழிக்கோட்டையும் அடிக்கடி கலவரம் பார்த்த அலிகரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். கோழிக்கோட்டில் இரு மதத்தாரும் அடிக்கடி சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்கள் 83 சதவீதம், அலிகரில் 54. பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றவர்கள் கோழிக்கோட்டில் 90 சதவீதம், அலிகரில் 42. ஆனால் சாப்பாடும் விளையாட்டும் மட்டும் போதாது, வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், கட்சி என்று இரண்டு பக்கமும் ஒன்றாக உறுப்பினராக இருக்கும் அமைப்புகள்தான் வதந்தி கிளம்பும் ராத்திரியில் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவர் வாதம். விசைத்தறி ஊரான பிவண்டியும் இதற்குச் சாட்சி. 1970-லும் 1984-லும் எரிந்த ஊர். அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த சுரேஷ் கோபடே, இரு மதத்தாரும் உட்காரும் மொஹல்லா கமிட்டிகளைத் தெருத் தெருவாக அமைத்தார். 1992–93-ல் பக்கத்திலேயே மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது.

இதையெல்லாம் படித்து, போன வருடம் கல்லூரியில் ஒரு செமினாரில் பேசவும் செய்தேன். நல்ல கைதட்டல். தாத்தாவின் கடன் நோட்டைத்தான் கடைசியில் சொன்னேன். நோட்டைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்ததாக நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டு விஷயம்.

என் வகுப்பில் ஒரு நண்பன். பெயர் வேண்டாம். நாகூரிலிருந்து வருவான். அவன் ஏறும்போது பஸ் காலியாக இருக்கும், நான் நாகப்பட்டினத்தில் ஏறும்போது நிரம்பியிருக்கும். இரண்டு வருடமாக ஜன்னலோரம் எனக்கு சீட் போட்டு வைப்பவன் அவன்தான். கர்சீப்போ, நோட்டோ, சில நாள் டிபன் பாக்ஸோ. காஸ்டிங் பேப்பரில் நான் பாஸானதற்கும் அவன்தான் காரணம். அவர்கள் இருந்த வாடகை வீட்டை ஓனர் விற்கப் போகிறார் என்றும், தங்கைக்குப் பிளஸ் டூ என்பதால் நாகப்பட்டினத்திலேயே வீடு பார்ப்பதாகவும் சொன்னான். எங்கள் மாடி போர்ஷன் அப்போது காலி. ஆறாயிரம் ரூபாய் வாடகை. ஸ்கூலுக்கு நடக்கிற தூரம். "டேய், எங்க மாடி இருக்கேடா! அப்பாகிட்ட இன்னிக்கே சொல்றேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பாயிதான் முதலில் பேசியது. "கடைக்கு வர்றது போறது வேற. குடி வைக்கிறது வேற தம்பி."

"ஏன் அப்பாயி?"

"கறி கிறி ஆக்குவாங்க. வாடை வரும்."

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி தவிர எல்லா நாளும் மீன். அன்றைக்கும் தட்டில் வாளை மீன் குழம்புதான். அதைக் காட்டினேன். அப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்பா, "நான் என்ன வேணாம்னா சொல்றேன்? தெருவுல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நாளைக்குக் காலி பண்ணச் சொல்ற நிலைமை வந்தா அது வேற மாதிரி பிரச்சினை ஆயிடும். எதுக்கு?" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு எங்கள் கடையிலிருந்து போகும் பருப்புக்கும் வெந்தயத்துக்கும் அவர் இன்றுவரை காசு வாங்கியதில்லை. சாயங்காலம் அங்கிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும், கடைப் பையன்களோடு சேர்ந்து அவரும் குடிப்பார்.

நான் தாத்தாவைப் பார்த்தேன். சத்தியமாக, அவர் மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "யார் வீட்டுப் புள்ள? எந்தத் தெரு?" என்று கேட்டார். அவர்கள் பூர்வீகம் நாகூர் இல்லை, பத்து வருடம் முன்னால் வந்தவர்கள், அவன் வாப்பா எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார் என்றேன்.

"அப்ப நமக்குத் தெரியாதே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. டிவி பார்க்கப் போய்விட்டார்.

நோட்டில் இல்லாத வீடு. அவ்வளவுதான் விஷயம். அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. தாத்தா இருபது வருடம் கடன் கொடுத்தது முஸ்லிம்களுக்கு இல்லை. அந்த நாற்பது, ஐம்பது வீடுகளுக்கு. அதற்கு வெளியே இருப்பவர்கள் அவருக்கு அந்நியர்கள்தான், எங்கள் பகுதியில் குடியேறும் எல்லோரையும் போல. ஆனால் அதற்கு முன் அந்த மாடியில் இருந்த குடும்பம் விழுப்புரத்திலிருந்து வந்தது, அவர்களையும் நமக்குத் தெரியாதே? அவர்களிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லையே? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழம்பை முடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் (பின்னால் நோபல் வாங்கினார்) 1957-லேயே ஒரு புத்தகம் எழுதினார். பாரபட்சம் காட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் காட்டுகிறவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. கடையில் அந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாகூரில் கடை வைத்துக்கொண்டு ஒரு நாள் முகத்தைத் திருப்பினால் கந்தூரி வியாபாரம் போச்சு. வாடகை வீட்டுக்கு? ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர். குடித்தனக்காரர் எல்லோரும் ஒருவருக்கொருவர் பதிலீட்டுப் பொருள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குச் செலவே இல்லை, அல்லது இல்லை என்று நினைத்தோம். எதற்கும் செலவில்லாத இடத்தில்தான் நாம் யார் என்று தெரிகிறது போலிருக்கிறது. இது எந்த யூனிட்டில் வரும் என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நம் கடற்கரையிலிருந்து போன ஆட்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. அதே தெருவில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில், அதுவும் கடலில் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கட்டியது. இதைவிட அழகான டீயும் சர்க்கரையும் வேண்டுமா? ஆனால் அந்த அரசாங்கம் அழகை நம்பி உட்காரவில்லை. 1964-ல் அங்கே சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் நடந்த கலவரத்தை மறக்கவில்லை. 1980-களில் வீட்டு வசதி வாரிய அடுக்ககங்களில் ஒவ்வொரு இனமும் தனித்தனியாகக் குவிய ஆரம்பித்ததும், 1989-ல் விதியே போட்டுவிட்டார்கள். ஒரு பிளாக்கில் சீனர்கள் அதிகபட்சம் 87 சதவீதம், மலாய்க்காரர்கள் 25 சதவீதம். வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் வேறு இனத்தவரிடமிருந்து வாங்க முடியாது. நான்கில் மூன்று பங்குக்கு மேல் மக்கள் இந்த அடுக்ககங்களில்தான் இருக்கிறார்கள் என்பதால் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்துக்கும் பக்கத்து வீடு வேறு இனமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இதற்கும் விலை உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய பிளாக்கில் ஓர் இந்தியரோ மலாய்க்காரரோ தன் வீட்டை விற்க வேண்டுமென்றால் சீனர் அல்லாதவர்களில்தான் ஆள் தேட வேண்டும், விலை குறைகிறது என்று பல வருடமாகப் புகார். விற்கவே முடியாமல் திண்டாடுபவர்களிடம் வாரியமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-ல்தான் வந்தது. சேர்ந்து வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மையினர் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம் என்று செமினாருக்குத் தயார் செய்யும்போது காரசாரமாகக் குறிப்பெழுதி வைத்திருந்தேன். இப்போது அந்தக் குறிப்பைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அங்கே வாரியத்து வீட்டை வாங்க எங்கள் அப்பாயியிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கப் போவதில்லை. (வாடகைக்கு விடும்போது அங்கேயும் இந்தியர்கள் வேண்டாம் என்று விளம்பரம் போடும் ஓனர்கள் உண்டாம். அப்பாயிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.)

மறுநாள் பஸ்ஸில் அவனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸாரிடா, அப்பா ஏற்கெனவே வேற ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டாராம். எனக்கே தெரியாது" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பரவால்லடா, இதுக்கு எதுக்கு ஸாரி" என்றான்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. திருவாரூர் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். மாடி கிரில்லில் "வீடு வாடகைக்கு" போர்டு மேலும் மூன்று மாதம் தொங்கியது. வந்தவர்களில் ஒருவருக்குத் தண்ணீர் வசதி பிடிக்கவில்லை, ஒருவருக்கு வாடகை அதிகம். மூன்று ஆறு பதினெட்டாயிரம். பெக்கர் சொன்ன விலை அதுதான், அப்பா தினமும் புலம்பினார். அந்த மூன்று மாதமும் காலையும் மாலையும் அவன் அந்தப் போர்டைத் தாண்டித்தான் போனான், வந்தான். ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. சீட் போட்டு வைப்பதையும் நிறுத்தவில்லை. போர்டை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று இரண்டு தடவை மாடிக்குப் போனேன். எடுத்தால் அப்பா கேட்பார். திரும்பி வந்துவிட்டேன்.

அவர்களுக்கு நாகூரிலேயே வேறு தெருவில் வீடு கிடைத்தது. தங்கை தினமும் பஸ்ஸில் ஸ்கூலுக்கு வருகிறாள். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு பிரியாணி கொடுத்துவிட்டான், எப்போதும் போல. அப்பாயியும் சாப்பிட்டது, எப்போதும் போல. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதில் ஒரு டஜன் வாழைப்பழமும் முறுக்கும் வைத்துக் கொடுத்தார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் உம்மா, "உட்காருங்க தம்பி, வீடு பாத்தீங்களா, சின்னதுதான், ஆனா காத்து வரும்" என்று மாடி வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டினார்.

அவனிடம் நிஜத்தை நான் இன்னும் நேரில் சொல்லவில்லை. நாளைக்கோ மறுநாளோ இதைப் படிப்பான். திங்கட்கிழமை காலை 7.50 பஸ்ஸில் எனக்கு சீட் இருக்குமா என்று தெரியவில்லை.